பொன்முலாம் பூசிய பூட்டு

பேற்றின்போது தாய் மாண்டால் 'தலைவிதி' என்பர். சேய் ஊனமுற்றால் 'முன்வினை' என்பர். விதியின்மீது பழியைப் போட்டுவிட்டால் வினா எழுவதில்லை. வினா எழாத இடத்தில் விடை பிறப்பதில்லை. வரலாற்றின் ஏடுகளைப் புரட்டினாலோ, அந்த விதிக்குப் பெயரும் உண்டு, விலையும் உண்டு என்பதைக் காண்கிறோம்!

1569-ஆம் ஆண்டு. மத ஒடுக்குமுறைக்கு அஞ்சிப் பிரான்சை விட்டு இங்கிலாந்தில் குடியேறியது சேம்பர்லென் குடும்பம். அக்குடும்பத்து மருத்துவர்கள் கையாண்ட கருவிதான் பேற்று இடுக்கி. 'ஆயுதம் போட்டு எடுத்த பிள்ளை' என்கிறார்களே நம் ஊரார், அந்த ஆயுதம்! சிசுவின் தலை இடுப்பெலும்பிடையே சிக்கிவிட்டால், அந்நாளில் கொக்கியிட்டுச் சிதைத்து எடுப்பதே வழி. காலம் கடந்தால், அழுந்திய தசை அழுகி, உயிர் தப்பிய தாயும் சிறுநீர் ஒழுகும் புண்ணோடு வாழ்நாளெல்லாம் வாட நேரும். இடுக்கியோ, வளைந்த இரு அலகுகளால் தலையை அணைத்துச் சேயை உயிரோடு கொணர வல்லது.

எத்துணைப் பெரிய கொடை! ஊரறியச் சொன்னார்களா? இல்லை. பொன்முலாம் பூசிய பெட்டியில் அதைக் கொண்டுசென்றனர் என்றும், தாயின் கண்ணைக் கட்டிய பின்பே பெட்டியைத் திறந்தனர் என்றும் கூறுவர். தந்தை மைந்தனுக்குச் சொன்னான், தாய்க்குலத்துக்குச் சொல்லவில்லை. நூறாண்டுக் காலம் பூட்டு திறக்கவில்லை!

1670-இல் ஹியூ சேம்பர்லென் பாரிசுக்குப் போனார், மறைபொருளை விலைபேச. மொரிசோ என்னும் பேர்பெற்ற மருத்துவர், பல நாள் வலியால் துடித்த ஒரு பெண்ணைக் காட்டினார். மிகக் குறுகிய இடுப்பெலும்பு அவளுக்கு. சில நிமிடம் போதும் என்றார் ஹியூ. மூன்று மணி நேரம் போராடினார், முடியவில்லை. அவள் மாண்டாள். அறுத்துப் பார்த்தபோது கருப்பை கிழிந்திருந்தது. அளவறியாச் செருக்குக்கு அவள் தந்த விலை!

அதன் பின்னும் பூட்டு திறக்கவில்லை. 1672-இல் மொரிசோவின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்த ஹியூ, தம் குடும்பத்திடம் தனிமுறை ஒன்று உண்டென்றும், வெளியிட்டால் உறவினர் பிழைப்புக் கெடுமென்றும் முன்னுரையில் எழுதினார். பிழைப்பாம் பிழைப்பு! தாய்மார் பிழைப்பதைப் பற்றி எண்ணினாரா?

1730-களில் மறை வெளிப்பட்டது. 1752-இல் வில்லியம் ஸ்மெல்லி, இடுக்கியை எப்போது எடுக்கலாம், எப்போது எடுக்கலாகாது என்று நூலில் வகுத்துரைத்தார். வெளிச்சத்துக்கு வந்த பிறகே கருவிக்கு நெறி பிறந்தது! 1813-இல் அக்குடும்பம் வாழ்ந்த எசெக்சு வீட்டில், பரண் பலகைக்கடியில் பழைய இடுக்கிகள் கிடைத்தன. பெட்டியைக் காத்தவர்கள் மறைந்தார்கள். பெட்டி அவர்களைக் காட்டிக்கொடுத்தது.

மற்றொரு காட்சியையும் காண்போம். 1972-இல், அந்நாளைய ரொடீசியாவில், ஃபில்பாட், காசில் என்னும் இரு மருத்துவர்கள் பேற்றின் போக்கைக் குறிக்கும் வரைபடத்தை வெளியிட்டனர். ஒரே ஒரு தாள்! கோடு எல்லையைத் தாண்டினால், மருத்துவச்சியே தாயைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பலாம். பொன்முலாம் இல்லை, பூட்டும் இல்லை. உலகமே எடுத்துக்கொண்டது.

எல்லா இழப்பும் எவரோ இழைத்த குற்றம் என்று நாம் கூறவில்லை. குற்றமா, இயற்கையின் இடரா என்று பிரித்தறிய, குறிப்பேடு திறந்திருக்க வேண்டும் என்கிறோம். எத்தனை மணிக்கு வலி கண்டது? சேயின் இதயத் துடிப்பை யார் பார்த்தார்? எப்போது எழுதினார்? இவற்றைக் கேட்பது பகையன்று, பகுத்தறிவு.

இளைஞர்களே! விதி என்று சொல்லி ஏட்டை மூடுகிறவர்களிடம், ஏட்டைத் திற என்று சொல்லுங்கள். கண்கட்டை அவிழ்த்த தாயே, காக்கப்பட்ட தாய்!