சுற்றுலா நெரிசல் மேலாண்மை: புக்கிட் லாருட்டும் உதகையும்

ஓர் ஊரின் சாலை, குடிநீர், குப்பை அகற்றும் வசதி, குடியிருப்பு ஆகியவற்றால் ஈடுகொடுக்க முடியாத அளவுக்குப் பயணிகள் குவிவதே சுற்றுலா நெரிசல். எத்தனை பேர் வரை அந்த ஊர் தாங்கும் என்ற அளவைத் தாங்குதிறன் என்பர். வருவோரை எண்ணி, அந்த அளவோடு ஒப்பிட்டு, அனுமதி, கட்டணம், கட்டட விதி ஆகியவற்றால் கூட்டத்தைக் கட்டுக்குள் வைப்பது மேலாண்மை. இத்தாலியின் வெனிஸ் நகரம் 2024 ஏப்ரல் 25 முதல், குறிப்பிட்ட நாட்களில் வந்து அன்றே திரும்பும் பயணிகளிடம் 5 யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. தமிழர்களுக்குப் பழக்கமான இரு நாட்டு மலைகளில் இந்த வேலை வேறு வழிகளில் நடந்திருக்கிறது.

முதலாவது, மலேசியாவின் பேரா மாநிலத்திலுள்ள தைப்பிங் நகரை ஒட்டிய புக்கிட் லாருட். ஆங்கிலேயர் 1884-இல் ஓய்விடமாக உருவாக்கிய இம்மலை 1979 வரை மேக்ஸ்வெல் மலை எனப்பட்டது. உயரம் ஏறத்தாழ 1,250 மீட்டர். 1948-இல் சாலை திறக்கப்படும் வரை நடந்தோ குதிரையிலோதான் ஏற வேண்டும். சாலை வந்த பிறகும் தனியார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. அரசின் லேண்ட்ரோவர் ஜீப்புகள் மட்டுமே ஓடின. கொண்டையூசி வளைவுகள் நிறைந்த அந்த ஒடுங்கிய சாலையில் இரு வண்டிகள் விலக இடமில்லாததால், ஏறும் ஜீப்பும் இறங்கும் ஜீப்பும் பாதி வழியிலுள்ள பழைய தேயிலைத் தோட்டப் பகுதியில் ஒன்றுக்கொன்று காத்திருந்து கடந்தன. ஜீப்புகளில் எத்தனை இருக்கைகளோ, வண்டியேறி மேலே போவோரும் அத்தனை பேர்தான். நடந்து ஏறுவோரை இக்கணக்கு கட்டுப்படுத்தவில்லை என்றாலும், மலையைக் காத்தது பெரும்பாலும் சாலையின் குறுகலே. மழைக்குப் பெயர்போன தைப்பிங்கின் மண்சரிவுகள் பின்னர் ஜீப் சேவையையே நிறுத்திவைத்தன. கேபிள் கார் அமைக்கும் யோசனைக்குச் சுற்றுச்சூழல் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்துள்ளன. கேபிள் கார் வந்தால் சாலை விதித்த வரம்பு போய்விடும். அதற்குப் பதிலான ஆள் வரம்பை முன்கூட்டியே முடிவு செய்யாவிட்டால் பிறகு செய்வது கடினம்.

அதற்கு முதலில் வருவோரை எண்ண வேண்டும்; எண்ணுவதற்கு வசதியான இடம் தைப்பிங்கை அடுத்த கமுந்திங். தைப்பிங்குக்கு வரும் விரைவுப் பேருந்துகள் நிற்பது கமுந்திங் நிலையத்தில்தான். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலைக்கும் இங்கு வாசல் உண்டு. பேருந்து, ரயில் பயணச்சீட்டுகளையும் டோல் பதிவுகளையும் சேர்த்துப் பார்த்தாலே வார இறுதிக் கூட்டத்தின் அளவு தெரிந்துவிடும். 2019-இல் பெர்லின் சுற்றுலாக் கண்காட்சியில், நீடித்த சுற்றுலாவுக்கான விருதுகளில் நகரப் பிரிவின் மூன்றாமிடம் தைப்பிங்குக்குக் கிடைத்தது. அத்தகைய புகழும் கூட்டத்தைக் கூட்டும் என்பதால் கணக்கை இப்போதே தொடங்குவது நல்லது.

இரண்டாவது, தமிழ்நாட்டில் உதகை அமைந்த நீலகிரியும், கொடைக்கானலும். கோடைக்காலத்தில் நீலகிரிக்கு நாளொன்றுக்குச் சுமார் 20,000 வாகனங்கள் ஏறுவதாகத் தாக்கலான அறிக்கையைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2024 மே 7 முதல் இரு இடங்களுக்கும் இ-பாஸைக் கட்டாயமாக்கியது. வாகன எண், வருவோர் எண்ணிக்கை, தங்கும் இடம், நாட்கள் ஆகியவற்றை இணையத்தில் பதிந்தால் பாஸ் வரும். கல்லாறு போன்ற சோதனைச் சாவடிகளில் அதன் கியூஆர் கோடைச் சரிபார்ப்பார்கள். முதல் ஆண்டில் கேட்டவர்க்கெல்லாம் பாஸ் கிடைத்தது. அது கணக்கெடுப்பாக இருந்ததே தவிரக் கட்டுப்பாடாக இல்லை. தாங்குதிறனை ஆராயும் பணி சென்னை ஐஐடிக்கும் பெங்களூரு ஐஐஎம்முக்கும் தரப்பட்டது.

உண்மையான வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் ஜூன் இறுதி வரைக்கென வந்தது. நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வாகனங்களுக்கும் விளைபொருள் ஏற்றிச் செல்பவற்றுக்கும் விலக்கு. ஏப்ரல் 2-ஆம் தேதி நீலகிரி வணிகர்கள் கடையடைப்பு நடத்தினர். ஆண்டு வருமானத்தின் பெரும்பங்கைக் கோடை சீசனில் ஈட்டும் விடுதிக்காரருக்கும் டாக்சி ஓட்டுநருக்கும் அந்த மூன்று மாதங்கள் சாதாரண மாதங்கள் அல்ல. குறையைச் சொல்வதானால், இந்த வரம்புகள் வாகனத்தை எண்ணின, ஆளை அல்ல. ஐவர் வரும் காரும் ஐம்பது பேர் வரும் சுற்றுலாப் பேருந்தும் வரம்பில் ஒன்றே. தண்ணீரும் குப்பையும் ஆள்கணக்கைப் பொறுத்தவை.

கட்டட விதியால் கூட்டத்தின் விளைவுகளைக் கட்டுப்படுத்தும் நகரத் திட்டத்துக்கு மலேசியாவின் பினாங்கு எடுத்துக்காட்டு. 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, பினாங்கின் ஜார்ஜ்டவுன் நகரின் சிறப்புப் பகுதித் திட்டம் 2016-இல் அரசிதழில் வெளியானது. புதிய கட்டடங்களுக்கு 18 மீட்டர் உயர வரம்பு உண்டு. ஆனால் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999-உடன் முடிந்ததும் பல பழைய குடும்பங்கள் வீடுகளைக் காலிசெய்திருந்தன. திட்டம் கட்டடங்களைக் காத்த அளவுக்குக் குடியிருந்தோரைக் காக்கவில்லை.

மலேசியாவிலிருந்து உதகை செல்வோர் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டு இ-பாஸுக்குப் பதியலாம். அரசுப் பேருந்திலோ மேட்டுப்பாளையம் மலை ரயிலிலோ ஏறுவோருக்குப் பாஸ் தேவையில்லை.