மரத்தோட உயரம் தெரிஞ்சு என்ன சார் பண்ணப் போறோம்?



பத்தாம் வகுப்பில் "உயரங்களும் தொலைவுகளும்" நடத்தும்போது வருடா வருடம் யாராவது ஒருவர் தலைப்பில் உள்ள கேள்வியைக் கேட்பீர்கள். "பரீட்சைக்கு வரும், எழுது" என்று சமாளித்திருக்கிறேன். அது ஆசிரியர் சொல்லக்கூடிய பதில் இல்லை. ஓய்வு பெற்றபின் படித்த ஒரு வரலாற்றைப் பதிலாகச் சொல்கிறேன்.

நார்வேயில் காடுகளில் பெரும்பகுதி தனியாருக்குச் சொந்தம். ஸ்புரூஸ், பைன் மரங்களை வெட்டிய இடத்தில் மறுபடியும் கன்று நடுவார்கள். அது வளர்ந்து வெட்டுக்கு வர ஒரு மனித ஆயுள் ஆகும். தாத்தா நட்டதைப் பேரன்தான் விற்பான். எந்தத் துண்டு நிலத்தில் எவ்வளவு மரம் நிற்கிறது என்ற கணக்கு தப்பினால் இரண்டு தலைமுறை உழைப்பு வீண். அந்தக் கணக்கின் முதல் எண்ணே மரத்தின் உயரம்தான்.

முன்பெல்லாம் விமானப் புகைப்படங்களை வைத்து மதிப்பிடுவார்கள். காட்டுக்குள் நடந்து, நாம் கரும்பலகையில் போட்ட அதே ஏற்றக்கோணத்தால் அளப்பார்கள். அடர்ந்த காட்டில் உச்சி கண்ணுக்கே தெரியாது.

1960-இல் தியோடர் மைமன் முதல் லேசரை இயக்கிக் காட்டினார். ஒளி ஒரு நானோ நொடியில் சுமார் 30 செ.மீ. போகும். கீழே அனுப்பிய ஒளித்துடிப்பு திரும்பிவரும் நேரத்தை அளந்தால் தூரம் கிடைக்கும். துடிப்பில் ஒரு பகுதி இலையில் பட்டுத் திரும்பும். இடுக்கில் நுழைந்த பகுதி தரையில் பட்டுத் திரும்பும். இரண்டையும் கழித்தால் உயரம்! 1984-இல் அமெரிக்காவில் ராஸ் நெல்சன் குழுவினர் விமானத்திலிருந்து இப்படி அளந்து ஆய்வு வெளியிட்டார்கள். ஆனால் விமானத்துக்கு நேர் கீழே ஒற்றைக் கோட்டில் மட்டுமே அளக்க முடிந்தது. ஒளியைப் பக்கவாட்டில் வீசும் கருவியும், விமானம் இருக்கும் இடத்தைத் துல்லியமாகச் சொல்லும் ஜிபிஎஸ்ஸும் 1990களில் கைகொடுத்தன. அதன்பிறகு காடு முழுவதையும் அளக்க வழி பிறந்தது.

அப்போதுதான் ஒரு சிக்கல் தெரிந்தது. நார்வேயின் எரிக் நேசெட் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், லேசர் சொன்ன சராசரி உயரம் உண்மையைவிடக் குறைவாக இருந்தது. காரணம் எளிது. ஸ்புரூஸின் உச்சி ஊசிபோல் கூர்மையானது. துடிப்பு நுனியில் படுவது அபூர்வம். பெரும்பாலும் தோளில்தான் படும்.

அவரும் மற்ற ஆய்வாளர்களும் கருவியைக் குறை சொல்லி ஒதுக்கவில்லை. காட்டில் சிறு சிறு மாதிரித் துண்டுகளைத் தேர்ந்து, அங்கே மரங்களை மனிதர்களே அளந்தார்கள். அந்த அளவுக்கும் லேசர் எண்களுக்கும் உள்ள தொடர்பைச் சமன்பாடாக்கி, அதை முழுக் காட்டுக்கும் பொருத்தினார்கள். 2002-இல் நார்வேயில் இது நடைமுறைக்கே வந்துவிட்டது. பின்லாந்தும் ஸ்வீடனும் பின்தொடர்ந்தன.

இதில் என்னைத் தொட்டது ஒன்று. ஒரு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் கருவியை நம்பலாமா என்று தீர்மானிப்பது, கீழே சேற்றில் நின்று நாடா பிடிக்கும் ஆள்தான். அவர் அளவு தப்பானால் வானத்திலிருந்து வரும் லட்சக்கணக்கான எண்களும் தப்பு.

எனவே, அன்று கேட்டவர்களே, உங்கள் கேள்வி நல்ல கேள்வி. பதில் சொல்லத் தாமதமானதற்கு மன்னியுங்கள். இப்போது உங்கள் பிள்ளைகள் அதையே கேட்டால், "பரீட்சைக்கு வரும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.