கடிகார வேகமும் சாதாரணப் பயனாளரும்

கணினியின் வரலாற்றை முறைவழியாக்கியின் வேக வளர்ச்சியாகவே நோக்குவது வழக்கம். சாதாரணப் பயனாளரைப் பொறுத்தவரை அந்நோக்கு ஏறத்தாழ 2004 வரையுமே பொருந்தும்.

1971இல் வெளிவந்த இன்ரெல் 4004 ஏறக்குறைய 2,300 திரான்சிற்றர்களைக் கொண்டிருந்தது. அதன் கடிகார வேகம் ஒரு மெகாஹேர்ட்சையும் எட்டவில்லை. 2000இல் வேகம் ஒரு கிகாஹேர்ட்சை அடைந்தது. கடிதம் தட்டெழுதியவர்கூடப் புதிய கணினியின் வேறுபாட்டைக் கண்ணாரக் கண்ட காலம் அது.

அவ்வோட்டத்தைத் தடுத்தது வெப்பமே. திரான்சிற்றர் சிறுக்கச் சிறுக்க அதன் மின்வலு நுகர்வும் ஒப்பக் குறையும் என 1974இல் றொபேட் டெனாட் குழுவினர் காட்டிய விதி, மின்னோட்டக் கசிவு மிகுந்தபோது பொய்த்தது. 2004இல் 4 கிகாஹேர்ட்ஸ் பென்ரியம் 4 திட்டத்தை இன்ரெல் கைவிட்டது. பின்னர் கருக்களின் எண்ணிக்கையே பெருக்கப்பட்டது. காணொளி தொகுப்போர் அதனாற் பெரும்பயன் பெற்றனர். கடிதம் எழுதுபவருக்கோ, சுழலும் வன்தட்டை நீக்கித் திண்மநிலைச் சேமிப்பகம் பொருத்தியமையே கண்கூடான விரைவைத் தந்தது.

இந்நிலையில் 2021இல் விண்டோஸ் 11 வெளிவந்தது. அது வேண்டிய ஆகக்குறைந்த வேகம் 1 கிகாஹேர்ட்ஸ். 2000இலேயே எட்டப்பட்ட வேகம்! எனினும் 2017க்கு முற்பட்ட முறைவழியாக்கிகளிற் பெரும்பாலானவற்றை அது ஏற்கவில்லை. பாதுகாப்பே முதற் காரணமாகக் கூறப்பட்டது, அது புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் 2025 ஒக்டோபர் 14இல் விண்டோஸ் 10இன் பொது ஆதரவும் முடிவுற, பயனாளரின் வேலைக்குப் போதிய விரைவுள்ள கணினிகளும் பழையன என ஒதுக்கப்படும் நிலை தோன்றியது.