பிஆர்சிஏ மரபணுக்கள்

பரம்பரை மார்பகப் புற்றுநோயுடன் நெருங்கிய தொடர்புடைய இரு மரபணுக்கள். இயல்பு நிலையில் இவை உடைந்த டிஎன்ஏ இழைகளைச் செப்பனிட்டுப் புற்றுநோயைத் தடுப்பவை. பிறழ்வு நேர்ந்தால் அந்தக் காவல் தளர்கிறது. நோய் தலைமுறைதோறும் தொடர்ந்த குடும்பங்களை ஆராய்ந்த அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங், பிஆர்சிஏ1 மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் காட்டினார். மார்பகப் புற்றுநோய் குடும்பவழி வரக்கூடும் என்பதையே பலர் ஏற்கத் தயங்கிய காலம் அது. பிஆர்சிஏ2 இருப்பது 13ஆம் குரோமோசோமில்.

பிறழ்வு தாயிடம் இருந்தாலும் தந்தையிடம் இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 விழுக்காடு வாய்ப்புண்டு. தந்தைவழி நோய் வரலாற்றைக் கேட்காமல் விடுவது பெரும் பிழை. பிறழ்வுள்ள பெண்களில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டோருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வருகிறது. சூலகப் புற்றுநோய் அபாயமும் கூடுகிறது. ஆனால் மொத்த மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையானவை 5 முதல் 10 விழுக்காடே. நெருங்கிய உறவினருக்கு இளவயதில் இந்நோய் வந்திருந்தால் மரபணு ஆலோசனை பெறத் தயங்க வேண்டாம்.