வாயில் திறக்கும் நேரம்

கெமாஸ் இரயில் சந்திப்பை அறியாதவர் நம் தோட்டங்களில் இருக்க முடியாது. ஒரு பாதை ஜொகூருக்கும், மற்றொன்று கிழக்கே தும்பாட்டுக்கும் பிரிகின்றன. அங்கே தண்டவாளத்தைத் திருப்பும் நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரத்திலும் இப்படிப் பாதை திருப்பும் வேலை ஒன்று உண்டு. அதன் வரலாற்றையே இன்று பேசப் போகிறோம்.

ஆலைக்கு வருவது மும்முனை மின்சாரம். மூன்று கம்பிகளில், ஒன்றன்பின் ஒன்றாக, விநாடிக்கு 50 முறை அலைபோல் ஏறி இறங்கும். இதை ஒரே திசையில் ஓடச் செய்யும் கருவிக்கு மின்திருத்தி என்று பெயர். 1902இல் அமெரிக்கரான பீட்டர் கூப்பர் ஹெவிட் பாதரச ஆவியைக் கொண்டு ஒன்றைச் செய்தார். 1954இல் சுவீடனின் கோட்லாந்துத் தீவுக்குக் கடலடிக் கம்பி வழியே மின்சாரம் அனுப்பியதும் பாதரசக் கருவிகளே. 1957இல் சிலிக்கானால் ஆன தைரிஸ்டர் பிறந்தது. 1970இல் அதே கோட்லாந்து நிலையத்தில் அதுவும் சேர்க்கப்பட்டது.

தைரிஸ்டரின் குணம் விசித்திரமானது. அதன் வாயிலில் ஒரு சிறு மின்துடிப்புக் கொடுத்தால் திறந்துகொள்ளும். பிறகு துடிப்பை நிறுத்தினாலும் மூடாது; மின்னோட்டம் தானாக அடங்கினால்தான் மூடும். ஆகவே மனிதன் கையில் இருப்பது திறக்கும் நேரம் ஒன்றுதான்.

மும்முனை மின்திருத்தியில் ஆறு தைரிஸ்டர்கள் உண்டு. ஒரு சுற்றுக்கு 20 மில்லி விநாடி. ஆகவே 3.33 மில்லி விநாடிக்கு ஒன்றாகத் திறக்க வேண்டும். எங்கிருந்து எண்ணுவது? இங்கேதான் பலரும் இடறுகிறார்கள். கணினியில் இச்சுற்றைப் போலியாக அமைத்துப் பார்த்தபோது நாமும் இடறினோம். ஒவ்வொரு முனையும் சுழியைக் கடந்து ஏறும் இடத்திலேயே குறுகிய துடிப்பைக் கொடுத்தோம். ஒன்றுமே வரவில்லை. அந்த நேரத்தில் முந்திய முனைதான் உயரத்தில் இருக்கிறது. நம் தைரிஸ்டர் திறக்க மறுக்கிறது. இரண்டு அலைகளும் சந்திக்கும் இடம் 30 பாகை, அதாவது 1.67 மில்லி விநாடி, தள்ளியே வருகிறது. எண்ணிக்கை அங்கேதான் தொடங்க வேண்டும். போகும் வழிக்கு ஒன்று, திரும்பும் வழிக்கு ஒன்று என இரண்டு தைரிஸ்டர்கள் சேர்ந்து திறந்தால்தான் மின்சாரம் ஓடும். எனவே ஒவ்வொன்றுக்கும் 60 பாகை கழித்து இன்னொரு துடிப்பும் கொடுத்தோம். 415 வோல்ட்டிலிருந்து ஏறக்குறைய 560 வோல்ட் கிடைத்தது. மின்னோட்டம் அறாமல் ஓடும் சுற்றில், திறப்பதை 60 பாகை தாமதித்தால் அதில் பாதி. 90 பாகை என்றால் சராசரி சுழி.

பழைய முறையில் ஒவ்வொரு வாயிலும் தன் முனையின் அலையைப் பார்த்துத் தனியே நேரம் குறித்தது. அலை சற்றுக் கோணினால் நேரமும் கோணும். அந்தக் கோணலால் அலை மேலும் கெடும். ஒவ்வொரு மண்டோரும் தன் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பெரட்டுக்கு ஆள் கூப்பிட்டால் என்ன குழப்பமோ, அதுதான். ஜான் எயின்ஸ்வர்த் என்ற பிரித்தானியப் பொறியாளர் 1968இல் இதற்கு ஒரு வழியை வெளியிட்டார். ஒரே அலையாக்கி எல்லா வாயில்களுக்கும் சம இடைவெளியில் மணி அடிக்கும். தேவையானால் அந்த மணியை மெல்லத் திருத்திக்கொள்ளலாம். நம் பார்வையில், தைரிஸ்டரைக் கண்டுபிடித்ததற்குச் சற்றும் குறையாத வேலை இது.

பெரிய நிலையத்தில் தவறு செய்து பார்க்க முடியாதல்லவா? கனடாவின் மனிட்டோபாவில், நெல்சன் ஆற்று மின்பாதையை ஆராய்வதற்காக டென்னிஸ் வுட்ஃபோர்டு 1976இல் ஒரு கணினி நிரலை எழுதத் தொடங்கினார். நாம் 560 வோல்ட்டுக்குச் செய்த சோதனையை இலட்சக்கணக்கான வோல்ட்டுக்குச் செய்து பார்க்க அத்தகைய நிரல்கள் வழி திறந்தன.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று இருக்கிறது. கெடா மாநிலத்தின் குருணிலிருந்து தாய்லாந்தின் குலோங் ஙே வரை, 2000களின் தொடக்கத்தில் 3 இலட்சம் வோல்ட்டில் ஒருதிசை மின்பாதை அமைந்தது. அது 300 மெகாவாட் வரை கொண்டுசெல்லும். இரு நாட்டு மின்வலைகளும் ஒரே தாளத்தில் ஓட வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை. அந்த நிலையத்தில் ஆறல்ல, பன்னிரண்டு வாயில்கள், 1.67 மில்லி விநாடிக்கு ஒன்றாக அவை திறக்கின்றன.