வறட்சி தந்த வலிமை: கதிர்வீச்சைத் தாங்கும் நுண்ணுயிர்களும் செவ்வாய்ப் பயணமும்

1956இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து வேளாண் ஆய்வு நிலையத்தில் ஆர்தர் ஆண்டர்சனும் அவருடன் பணியாற்றியவர்களும் டின்னில் அடைத்த இறைச்சியைக் காமா கதிரால் கெடாமல் காக்க முயன்றனர். எந்த உயிரும் மிஞ்சாது என்று கருதப்பட்ட அளவுக்குக் கதிர் பாய்ச்சிய பின்னரும் இறைச்சி கெட்டது. அதிலிருந்து பிரித்தெடுத்த செந்நிறப் பாக்டீரியாவே இன்று டைனோகாக்கஸ் ரேடியோடியூரன்ஸ் எனப்படுகிறது. மனிதருக்கு ஏறத்தாழ 5 கிரே (உடல் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) உயிராபத்து. இதுவோ 5,000 கிரேயையும் பெரிய இழப்பின்றித் தாங்குகிறது.

பூமியில் இயற்கையாக இவ்வளவு கதிர்வீச்சு எங்கும் இல்லை. எதிரியே இல்லாத இடத்தில் இந்தக் கவசம் எப்படி வந்தது? இது செவ்வாயில் தோன்றி விண்கற்களோடு வந்திருக்கலாம் என்றுகூட 2006இல் ரஷ்ய ஆய்வாளர்கள் சிலர் எழுதினர். அந்த ஊகம் தேவையற்றது என்பதே என் முடிவு. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1996இல், லூசியானாவில் மாட்டிமோரும் பட்டிஸ்டாவும் கதிர்வீச்சைத் தாங்கும் திறன் இழந்த 41 திரிபுகளைச் சோதித்திருந்தார்கள். அவை அனைத்தும் வறட்சியையும் தாங்காமல் மடிந்தன. நீர் வற்றினாலும் டி.என்.ஏ. துண்டாகிறது, கதிர் பாய்ந்தாலும் துண்டாகிறது. வறட்சியைச் சமாளிக்க வளர்ந்த திறனே கதிர்வீச்சிலும் கைகொடுத்திருக்கிறது.

அந்தத் திறன் செயல்படும் விதம் எளிதில் பிடிபடவில்லை. 1999இல் மரபணுத் தொகுதி முழுவதும் படிக்கப்பட்டபோது, பழுதுபார்க்கும் மரபணுக்கள் பெரும்பாலும் சாதாரணப் பாக்டீரியாக்களில் உள்ளவைபோலவே இருந்தன. மரபணுத் தொகுதியின் பல பிரதிகள் ஒரே செல்லில் இருப்பதால், சிதறிய துண்டுகள் ஒன்றையொன்று அச்சாகக் கொண்டு நீண்டு, சில மணி நேரத்தில் முழு வடிவம் பெறுவதை 2006இல் மிரோஸ்லாவ் ராட்மன் குழு காட்டியது. ஆனால் பழுதுபார்க்கும் புரதங்களே சிதைந்துவிட்டால் வேலையை யார் செய்வது? இந்தக் கேள்விக்கு மைக்கேல் டேலி 2004லும் 2007லும் தந்த விடைதான் இத்துறையின் பெரிய திருப்பம் என்பேன். கதிர்வீச்சில் எளிதில் மடியும் பாக்டீரியாக்களைவிட இந்தச் செல்களில் இரும்புக்கு மாங்கனீசின் விகிதம் மிக அதிகம். சிறு மூலக்கூறுகளோடு சேர்ந்த மாங்கனீசு, கதிர்வீச்சால் உண்டாகும் ஆக்சிஜன் தாக்குதலிலிருந்து புரதங்களைக் காக்கிறது. அதுவரை டி.என்.ஏ.வையே பார்த்துக்கொண்டிருந்த ஆய்வு, புரதத்தின் பக்கம் திரும்பியது.

வறட்சியின் பங்கு விண்வெளியில் இன்னும் தெளிவாகிறது. ஜப்பானின் தன்போபோ ஆய்வில், சர்வதேச விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில் மூன்றாண்டுகள் வைத்த உலர்ந்த டைனோகாக்கஸ் திரள்களில் அரை மில்லிமீட்டருக்கு மேல் தடிமனானவை பிழைத்தன. மேலடுக்குச் செல்கள் மடிந்து, உள்ளிருந்தவற்றுக்குப் புற ஊதாக் கதிரிலிருந்து மறைப்பாயின. உலர்த்தி உறையவைத்தால் இந்தப் பாக்டீரியா 1,40,000 கிரே வரை தாங்குகிறது என்று டேலி பங்கேற்ற 2022ஆம் ஆண்டு ஆய்வு கண்டது. செவ்வாயின் தரைப்பரப்பில் கியூரியாசிட்டி ஊர்தி அளந்ததோ நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.2 மில்லிகிரேதான். செவ்வாய் உலர்ந்தும் உறைந்தும் கிடக்கும் கோள் என்பதை மறக்கக் கூடாது.

இந்தத் திறனை விண்வெளி வீரருக்குக் கொடுத்துவிடலாம் என்ற நம்பிக்கையை நான் பகிரவில்லை. ஒரே அடியாக விழும் பெரும் கதிரைத் தாங்குவது வேறு. மாதக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்ந்து புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் அண்டக்கதிர் வேறு. மாங்கனீசுக் கூட்டுப்பொருள்கள் மருந்தாகலாம், ஆனால் அதற்கு நெடிய சோதனைகள் வேண்டும்.

உடனடிக் கவலை, நாம் அறியாமல் கொண்டுசெல்லும் உயிர்களைப் பற்றியது. பிற கோள்களை மாசுபடுத்தக் கூடாது என்கிறது 1967ஆம் ஆண்டு விண்வெளி ஒப்பந்தம். 1970களில் வைக்கிங் தரையிறங்கிகள் ஏவப்படுமுன் 110 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பமூட்டப்பட்டன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற கஸ்தூரி வெங்கடேஸ்வரனின் குழு, நாசாவின் விண்கலம் பூட்டும் தூய்மைக் கூடத்திலேயே புற ஊதாக் கதிரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் தாங்கும் பேசில்லஸ் பியுமிலஸ் வித்துகளைக் கண்டறிந்தது. கருவியைச் சூடாக்கலாம், மனிதரைச் சூடாக்க முடியாது. ஆகவே மனிதர் இறங்குமுன், ஆழத் துளையிட்டு எடுத்த செவ்வாய் மண்ணை ஆராய்ந்து முடித்திருக்க வேண்டும். பின்னர் அங்கே உயிர் தென்பட்டால், அது அம்மண்ணில் பிறந்ததா, நம்மோடு வந்ததா என்று பிரித்தறிவது மிகக் கடினம்.