கரை தெரியாத நீச்சல்

1/
டிரையத்லானுக்குத் தயாராகிற தம்பி ஒருத்தர் போன வாரம் கேட்டார்: "டாக்டர், சைக்கிள் எடுக்கச் சொன்னா உடனே கிளம்பிடுவேன். ஓடச் சொன்னாலும் சரி. காலைல 5 மணிக்கு நீச்சல் குளத்துக்குப் போகத்தான் மனசே வரமாட்டேங்குது. மோட்டிவேஷனுக்கு என்ன பண்றது?"

அதுக்கு மாத்திரை கிடையாது. ஆனா ஒரு வரலாறு இருக்கு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல அவர் நீந்த வேண்டிய தூரம். ஐயன்மேன் போட்டி 1978 பிப்ரவரியில் ஹவாயின் ஓவாஹு தீவில் தொடங்கியது. அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் மனைவி ஜூடியும் சேர்ந்து, நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே நாளில் கோத்தார்கள். முதல் கட்டம் 3.86 கிலோமீட்டர் கடல் நீச்சல். முதல் வருஷம் 15 பேர் தொடங்கி 12 பேர் முடித்தார்கள்.

3/
ஏன் நீச்சல் மட்டும் மனசுக்குக் கஷ்டமா இருக்கு? ரோட்டில் ஓடும்போது டீக்கடை வரும், பாலம் வரும், எதிரே ஆள் வருவாங்க. எவ்வளவு தூரம் வந்தோம்னு கண்ணே சொல்லிடும். கடலில் முகம் தண்ணிக்குள்ள இருக்கு, காது அடைச்சிருக்கு, பேச்சுத்துணை கிடையாது.

உடம்பின் சக்தியை எப்படிப் பங்கிடுவது என்பதை மூளை, "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்ற கணக்கை வைத்துத்தான் தீர்மானிக்கிறது. முடிவு எங்கே என்று தெரியாவிட்டால் அதே வேலை இன்னும் பாரமாகத் தெரியும்.

4/
இப்ப கதைக்கு வருவோம். ஃப்ளாரன்ஸ் சாட்விக். 1918-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பிறந்தவர். சின்ன வயசிலிருந்தே கடலில் நீந்தியவர். ஆங்கிலக் கால்வாயைக் கடக்கணும் என்பது அவர் கனவு. அதுக்குப் பணம் வேணுமே? சவுதி அரேபியாவில் ஒரு எண்ணெய் நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார்.

5/
வேலைக்கு முன்னாடியும் வேலை முடிஞ்ச பின்னாடியும் பாரசீக வளைகுடாவில் பயிற்சி. ஆபீஸ் போய்க்கிட்டே டிரையத்லானுக்குப் பயிற்சி எடுக்கிறவங்க இந்த இடத்தைக் கவனிங்க. தினமும் ஒரு பெரிய உற்சாகம் வந்து அவரைத் தண்ணிக்குள்ள தள்ளியிருக்கும்னு எனக்குத் தோணல. காலையும் மாலையும் நீந்துற நேரம்னு ஒண்ணு இருந்தது. அவ்வளவுதான்.

6/
1950 ஆகஸ்ட் 8. பிரான்ஸிலிருந்து இங்கிலாந்துக்கு நீந்திக் கரையேறினார். 13 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். 1926-ல் கெர்ட்ரூட் எடர்லி வைத்திருந்த பெண்கள் சாதனை போயிற்று. அடுத்த வருஷமே எதிர்த்திசையில், இங்கிலாந்திலிருந்து பிரான்ஸுக்கு. இரண்டு திசையிலும் கடந்த முதல் பெண் அவர்தான். அதாவது மனவலிமை பத்தி அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

7/
1952 ஜூலை 4. காடலினா தீவிலிருந்து கலிஃபோர்னியா கரைக்கு, 30 கிலோமீட்டருக்கும் மேல். உறைய வைக்கும் தண்ணீர். அடர்ந்த மூடுபனி, கூட வந்த படகுகளே அவர் கண்ணுக்குச் சரியாகத் தெரியவில்லை. நெருங்கி வந்த சுறாக்களைத் துப்பாக்கியால் சுட்டு விரட்ட வேண்டியிருந்தது. படகில் அம்மாவும் பயிற்சியாளரும் இருந்தார்கள். கரை பக்கம்தான், விட்டுடாதே என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள்.

8/
அவர் பார்த்தபோதெல்லாம் பனி மட்டும்தான் தெரிந்தது. 15 மணி 55 நிமிடம் நீந்திய பிறகு, என்னைத் தூக்கிவிடுங்கள் என்று கேட்டார். தூக்கிவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, கரைக்கு ஒரு மைல்கூட இல்லை. சாக்கு சொல்லவில்லை, ஆனால் நிலம் கண்ணில் பட்டிருந்தால் முடித்திருப்பேன் என்று பத்திரிகைக்காரர்களிடம் சொன்னார்.

9/
இதுவரைக்கும் வாட்ஸப்பில் படிச்சிருப்பீங்க. "இலக்கு கண்ணில் தெரியணும்" என்று ஒரு வரியோட முடிச்சிடுவாங்க. டாக்டரா எனக்கு அது போதல.

காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டை இழுக்கும். பதினாறு மணி நேரம் குளிரில் கிடந்த உடம்பில் தசை இறுகும், யோசனை மந்தமாகும். அந்த நிலையில் இருக்கும் மூளையிடமிருந்து பனி கடைசித் தகவலையும் பிடுங்கிக்கொண்டது. அவரிடம் குறைந்தது மனவலிமை இல்லை, சூடும் தகவலும்தான்.

10/
அதே வருஷம் செப்டம்பர் 20. அதே கால்வாய், அதே ஃப்ளாரன்ஸ். 13 மணி 47 நிமிடத்தில் கரையேறினார். காடலினா கால்வாயைக் கடந்த முதல் பெண். 1927-ல் ஜார்ஜ் யங் என்ற ஆண் நீச்சல்காரர் எடுத்த நேரத்தைவிட ஏறத்தாழ இரண்டு மணி நேரம் குறைவு.

11/
இரண்டரை மாசத்தில் ஒரு மனுஷியின் மன உறுதி இரட்டிப்பாகிடுமா? தெற்குக் கலிஃபோர்னியாக் கரையில் பொதுவாக ஜூலைத் தொடக்கத்தைவிட செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். கோடைத் தொடக்கத்தின் பனிமூட்டமும் குறைந்திருக்கும். போன தடவை வந்த தூரம் உடம்புக்குத் தெரியும். ஆள் மாறல, சூழ்நிலை மாறியிருக்கு. நாம என்னமோ தோத்தா "எனக்கு வில்பவர் இல்ல"ன்னு நம்மையே திட்டிக்கிறோம்.

12/
எடர்லி கதையும் இதைத்தான் சொல்லுது. 1925-ல் ஆங்கிலக் கால்வாயில் பாதியிலேயே அவரை வெளியே எடுக்க வைத்தார் அப்போதைய பயிற்சியாளர். அந்தப் பயிற்சியாளர் பலமுறை முயன்றும் கால்வாயைக் கடக்காதவர். தான் களைக்கவில்லை, ஓய்வுதான் எடுத்தேன் என்றார் எடர்லி.

1926-ல் தாமஸ் பர்ஜஸ் பயிற்சியாளரானார். 1911-ல் தானே நீந்திக் கடந்தவர். படகில் அப்பாவும் அக்காவும் இருந்தார்கள். ஜெயித்தால் சிவப்பு நிறக் கார் வாங்கித் தருவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார்.

13/
ஆகஸ்ட் 6 அன்று சுமார் பதினாலரை மணி நேரத்தில் கடந்தார். கால்வாயை நீந்திக் கடந்த முதல் பெண். அதுவரை கடந்திருந்த ஆண்கள் எல்லாரையும்விட வேகம். உலக சாதனைக்குக் காரா என்று சிரிக்காதீங்க. பத்தாவது மணி நேரத்தில் "வரலாறு" என்ற சொல்லுக்குப் பெரிய பலம் இருக்காது. கார் கண்ணுக்குத் தெரியும், அப்பா முகமும் தெரியும்.

14/
அந்தத் தம்பிக்கு நான் சொன்னது இதுதான்:

3.86 கிலோமீட்டர்னு நினைக்காதீங்க. 400 மீட்டர் துண்டுகளா வெட்டுங்க. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கரை.
கடலில் சில வீச்சுக்கு ஒருமுறை தலை தூக்கி மிதவையைப் பார்க்கிறதைப் பழகுங்க. திசைக்கு மட்டும் இல்ல, மனசுக்கும் அது தேவை.
குளத்தில் ஒரு ஆளையாவது சேர்த்துக்குங்க. அவர் காத்துக்கிட்டிருப்பார்னு தெரிஞ்சா அலாரம் அடிச்சதும் எந்திரிப்பீங்க.
உற்சாகம் வந்த பிறகு போகலாம்னு உட்காராதீங்க. பெரும்பாலும் அது பத்தாவது நிமிஷம் தண்ணிக்குள்ளதான் வரும்.

15/
இன்னொண்ணு, இது டாக்டர் பேச்சு. கடலில் தனியா நீந்தாதீங்க. பேச்சு குழறினா, கை ஒத்துழைக்கலைன்னா, நடுங்கிக்கிட்டிருந்த உடம்பு சூடாகாமலே நடுக்கம் நின்னா, உடனே வெளியே வரணும். அங்க மோட்டிவேஷன் பேச்சுக்கு இடமே இல்ல. கூட இருக்கிறவங்க கேட்காமலே தூக்கணும். குளிர்ந்த மூளை தன் நிலைமையைச் சரியாக் கணிக்காது.

16/
ஜூலையில் படகு ஏறினதைத்தான் எல்லாரும் ஃப்ளாரன்ஸின் தோல்வின்னு எழுதுறாங்க. எனக்கு அப்படித் தெரியல. அன்னைக்கு உயிரோட படகு ஏறினதாலதான் செப்டம்பரில் அவரால் மறுபடியும் கடலில் இறங்க முடிஞ்சது.

தம்பி இன்னைக்குக் காலைல மெசேஜ் போட்டிருந்தார்: "400 மீட்டர், மூணு துண்டு முடிச்சேன் டாக்டர்." போதும். நாளைக்கு நாலாவது துண்டு.